ஏழு ரசிகர்கள், ஒரே தொண்டை

வெள்ளிக்கிழமை காலை வானொலியில் அந்த அறிவிப்பு வந்ததும் கீச்சு பள்ளிப்பையைச் சட்டென்று மூடினாள்.

"நாளைக்கு நம்ம 'இதே நாளில்' நிகழ்ச்சியில ஒரு வெள்ளிவிழா! ஜன்னல் பாட்டு வெளிவந்து சரியா இருபத்தஞ்சு வருஷம். பாடினவரே நம்ம ஸ்டூடியோவுக்கு வர்றாரு. அதுமட்டுமில்ல, இந்தப் பாட்டைக் கேட்டு நம்மளைத் தூங்கவிடாம ஃபோன் பண்ணினாங்களே ஏழு ரசிகர்கள், அவங்களும் நேரலையில அவர்கூடப் பேசப் போறாங்க. ஏழு பேரும் ஃபோனும் கையுமா இருங்க!"

அப்பா ஷூ கயிற்றைப் பாதி கட்டியபடியே நிமிர்ந்தார். ஒரு நிமிடம் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு காது வரைக்கும் சிரிப்பு.

"ஏழு பேராம்டி!" என்றார் அம்மாவைப் பார்த்து. "கேட்டியா? ஏழு பேர்!"

அம்மா டப்பாவில் மதியச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். "கேட்டேன் கேட்டேன். காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் கீச்சுவைப் பார்த்தாள். கீச்சு சட்டென்று குனிந்து, ஏற்கெனவே மூடியிருந்த பள்ளிப்பையை மறுபடி மூடினாள்.

அந்த ஏழு பேரும் அவள்தான்.

பிறந்தபோது அழாமல் கீச்சென்று ஒரு சத்தம் போட்டாளாம், அதனால் அந்தப் பெயர். அந்தத் தொண்டையிலிருந்து ஏழு ஆட்கள் வருவார்கள் என்று அவளுக்கே இரண்டு வாரத்துக்கு முன்னால்வரை தெரியாது. மூக்கடைத்த டீச்சர் ஒருத்தி. கல்யாணமாகி வெளியூர் போன பெண் ஒருத்தி. தொண்டை கட்டிய பஸ் கண்டக்டர் ஒருவர். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் கல்லூரிப் பெண். இப்படியே போய், கடைசியில் எதுவும் தோன்றாமல், மெதுவாக மட்டும் பேசும் ஒரு ஆள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஃபோன். தோழியின் ஃபோன், அவள் அண்ணன் ஃபோன், ஸ்டேஷனரி கடை ஃபோன், நூலகத்து ஃபோன் என்று யார் யாரிடமோ பல்லைக் காட்டி வாங்கியது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடி வீடுகளில் மாதம் ஒருமுறை லிஃப்டை நிறுத்தி, குழிக்குள் இறங்கி, லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டு, கயிற்றைத் தடவிப் பார்த்து, கதவு உருளைகளைத் திருகிவிட்டு வருகிற வேலை. சட்டையில் எப்போதும் கிரீஸ் வாடை. ஆனால் அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், ஒரு கேசட்டில் ஒரே ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். 'ஜன்னலைச் சாத்தாதே, வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கு' என்று தொடங்கும். கேசட்டின் மற்ற பாட்டுகள் எல்லாம் வேறு யார் யாரோ பாடியவை. கேசட் கொஞ்சம் விற்றது, ஒரு கோடைகாலம் முழுக்க டீக்கடைகளில் ஓடியது, அப்புறம் ஓடவில்லை. கேசட் என்ற சாமானே ஓடாமல் போனது வேறு கதை.

அந்தப் பாட்டில் ஒரு தப்பும் உண்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வாத்தியங்கள் வாசித்து முடிப்பதற்குள் அப்பா அரைத் தாளம் முந்திக்கொண்டு 'தூரத்து' என்று குதித்துவிடுவார். திரும்பப் பாட ஸ்டூடியோவில் நேரம் கொடுக்கவில்லை. அப்படியே பதிவாகி, அப்படியே வெளிவந்துவிட்டது. வீட்டில் யார் பாடினாலும் அந்த இடத்தில் முந்திக்கொள்வார்கள். கீச்சு மழலை பேசிய நாளிலேயே முந்தியவள்.

'இதே நாளில்' நிகழ்ச்சி அப்பாவுக்குச் சாப்பாட்டை விட முக்கியம். எந்தப் பாட்டு எந்தத் தேதியில் வந்தது, யார் முதல்முதலாக மைக் முன்னால் நின்றது என்றைக்கு, எல்லாம் விரல் நுனியில். கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி மட்டும் தெரியாது. "உன் பிறந்தநாள் எப்பன்னு கேட்டா, ஏதோ ஒரு படத்தோட பாட்டு வந்த மறுநாள்னு சொல்ற மனுஷன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்த நிகழ்ச்சியில் வருடத்துக்கு ஒருநாள், யாராவது ஒரு நேயர் கேட்டு, ஜன்னல் பாட்டும் வரும். ஒரு வருடம் கூடத் தவறியதில்லை. "பாத்தியா? மறக்கலை" என்பார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த நேயர் அம்மா. போன வருடம்தான் கீச்சுவுக்குத் தெரிந்தது. குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு அம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை. அந்த மேஜைக்கென்று ஒரு குரல் வைத்திருப்பாள், தேன் தடவின குரல். அதே குரலில், "வணக்கம்ங்க, நாளைக்கு ஒரு அருமையான பாட்டோட ஆண்டு நாள்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கீச்சுவைப் பார்த்ததும், "வாயைத் திறந்தே, பல்லைப் பிடுங்கிடுவேன்" என்றாள் சொந்தக் குரலில்.

இந்த வருடம் அம்மா கூப்பிடப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். காரணம் இல்லாமல் இல்லை. பாட்டு ஒருதரம் வானொலியில் வந்தால் அடுத்த இரண்டு மாதத்துக்கு அப்பாவின் கால் தரையில் படாது. யாராவது இசையமைப்பாளர் வீட்டு வாசலில் நிற்பார். லீவு போடுவார். போன முறை குழிக்குள் கருவிப்பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போய், சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஆசை ஆறவே இல்லை, போன மாதம் கூட இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தார். "நான்தான் வருஷா வருஷம் ஊசி போட்டுக் காய்ச்சலை வரவைக்கிறேன்" என்றாள் அம்மா. "இனிமே இல்லை."

இருபத்தைந்தாவது வருடமாக இல்லாமல் இருந்திருந்தால் கீச்சுவும் விட்டிருப்பாள். வெள்ளிவிழா நாளில் அப்பா வானொலி முன்னால் உட்கார்ந்து, வேறு யாருடைய பாட்டோ வந்து, 'சரி, கிளம்பறேன்' என்று எழுந்துபோவதை நினைத்தால் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு ஃபோன்தான் பண்ணினாள். நிகழ்ச்சி நடத்தும் அக்கா எடுத்து, "வெள்ளிவிழான்னா அரைமணி நேரம் ஒதுக்கணும்மா. ஒருத்தர் கேட்டா எப்படி? நாலு பேர் கேட்டா பார்க்கலாம்" என்றாள். நாலு பேர்தானே என்று ஆரம்பித்தது. கை பழகிவிட்டது. கடைசியில் அந்த மெதுவாகப் பேசும் ஆள் அப்பாவின் நம்பரையும் கொடுத்துத் தொலைத்தார். நிலையத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, கண்டக்டர் ஒருவர் கேட்டதைச் சொல்லி, சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளி மாலை அப்பா சீக்கிரமே வந்துவிட்டார், புதுச்சட்டையோடு. போட்டுக் காட்டினார். காலரில் அட்டையை எடுக்க மறந்திருந்தார்.

"ரேடியோவுல சட்டை தெரியாதுப்பா" என்றாள் கீச்சு.

"எனக்குத் தெரியுமில்ல?" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, இருவரையும் உட்காரச் சொல்லி, தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம். நாளைக்கு நிகழ்ச்சி முடிஞ்சதும் சூப்பர்வைசருக்கு ஒரு ஃபோன் போடப் போறேன். திங்கக்கிழமையிலேர்ந்து வரலைன்னு."

அம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டை மறுபடி பிரித்தாள்.

"என்ன பார்க்கிறே? ஒருத்தர்னா பரவாயில்லை, யாரோ பாவப்பட்டுக் கேக்கறாங்கன்னு விட்டுடலாம். ஏழு பேர்! ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஏழு பேர்! வெளியில இன்னும் எத்தனை பேர் இருப்பாங்க, சொல்லு. இத்தனை வருஷம் குழிக்குள்ள கிரீஸ்ல ஊறினது போதும்டி."

"வாடகையை அந்த ஏழு பேர் கட்டுவாங்களா?" என்றாள் அம்மா.

"உனக்கு எப்பவும் இதே பேச்சு" என்று அப்பா எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினார், நாளைக்கு வார வேண்டிய தலையை.

அன்றைக்கு ராத்திரி கீச்சுவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இப்படிப் புரண்டால் ஒரு பயம், அப்படிப் புரண்டால் இன்னொரு பயம். நாளைக்கு ஃபோன்கள் வராவிட்டால், ஊரே கேட்க அப்பா மைக் முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருப்பார். ஃபோன்கள் வந்துவிட்டால், அதாவது அவள் எப்படியாவது வரவைத்துவிட்டால், அப்பா வேலையை விட்டுவிடுவார். இரண்டு பக்கமும் சுவர். எழுந்து சமையலறைக்குப் போனாள். அம்மா விளக்கைப் போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வா. நீ வருவேன்னு தெரியும்" என்றாள் அம்மா. "எத்தனை பேர் நீ?"

கீச்சு விரலைக் காட்டினாள். ஒரு கையும் இரண்டு விரலும்.

"ஏழுமா? அடிப்பாவி! நாலஞ்சு நீ, மீதி நிஜம்னு நினைச்சேனே. நான் வருஷத்துக்கு ஒண்ணுதான்டி!" அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள், ஓங்கிய கை அப்படியே வாயைப் பொத்தியது. சிரிப்பா அழுகையா என்று இருட்டில் தெரியவில்லை. "கண்டக்டர் ஒருத்தர் பேசினாராமே, உங்கப்பா பெருமையாச் சொன்னாரு. அதுவுமா?"

"தொண்டை கட்டினவர்மா. கஷ்டப்பட்டுப் பண்ணினேன்."

"வாயை மூடு."

"அம்மா, பயமா இருக்கும்மா. இப்பவே எழுப்பிச் சொல்லிடட்டுமா? நான்தான்ப்பா அதுன்னு. சொன்னா என்னை வெறுத்துடுவாரா? இல்லை, நாளைக்கு எங்கயாவது போய் நின்னுகிட்டு ஏழு பேராவும் பேசிடட்டுமா? ரெண்டு ஃபோன் இருந்தா முடியும்மா. நான் யோசிச்சுட்டேன்."

"யோசிச்ச வரைக்கும் போதும்" என்றாள் அம்மா. இப்போது குரலில் சிரிப்பு இல்லை. "நாளைக்கு நீ ஃபோனைத் தொடக்கூடாது. உன் குரலைக் கேட்டு அவரு வேலையை விட்டாருன்னா, அப்புறம் ஆயுசுக்கும் உன்னால அவரு முகத்தைப் பார்க்க முடியாது. எழுப்பாதே. இப்ப எழுப்பினா நாளைக்கு ஸ்டூடியோவுக்கே போக மாட்டாரு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. போகட்டும், பாடட்டும், வரட்டும். அப்புறம் சொல்றது உன் வேலை. நான் சொல்ல மாட்டேன்."

"ஃபோனே வரலைன்னா?"

அம்மா தரையில் கையூன்றி எழுந்தாள். "போய்ப் படு" என்றாள்.

காலையில் அம்மா கிளினிக்குக்குக் கிளம்பிப் போய்விட்டாள். வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று கீச்சு சொன்னதை அப்பா காதிலேயே வாங்கவில்லை. "என் பொண்ணு பார்க்காம யாரு பார்ப்பா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வானொலி நிலையம் ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறியதும் அப்பா பழக்கதோஷத்தில் காதைச் சாய்த்தார். "கதவு உருளை தேஞ்சுபோச்சு. கேக்குது பாரு, கடகடன்னு. யாரு பார்க்கிறாங்களோ" என்றவர், சட்டென்று நிமிர்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார். இனிமேல் நமக்கென்ன என்பது போல.

நிகழ்ச்சி நடத்தும் அக்கா வாசலிலேயே வந்து வரவேற்றாள். வானொலியில் கேட்கும்போது உயரமாகத் தெரிந்தவள், நேரில் கீச்சுவின் தோளுக்குத்தான் இருந்தாள்.

"பொண்ணா? பேரு என்னம்மா?"

இந்த அக்காவுக்குத் தொழிலே குரல்தான். கீச்சு அவளிடம் ஏழு தடவை பேசியிருக்கிறாள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டினாள்.

"அட, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே?" என்றார் அப்பா. "மேடம், வீட்டுல இவ வாயை மூடணும்னா நாங்கதான் தூங்கணும். இன்னிக்குப் பார்த்து ஊமையாயிட்டா."

ஸ்டூடியோவுக்கும் வெளி அறைக்கும் நடுவில் பெரிய கண்ணாடி. உள்ளே அப்பாவும் அக்காவும் மைக்கும். வெளியே பொத்தான்கள் நிறைந்த மேஜை முன்னால் தயாரிப்பாளர். வழுக்கைத் தலையில் ஹெட்ஃபோன் நழுவிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் கீச்சு. மேஜையில் ஒரு ஃபோன். அழைப்பு வந்தால் மணி அடிக்காது, சிவப்பு விளக்கு மின்னும்.

"உங்கப்பாவோட ரசிகர்கள் ஒரு மாதிரி ஆளுங்கம்மா" என்றார் தயாரிப்பாளர், பாட்டைத் தயார்செய்துகொண்டே. "நேத்து எல்லா நம்பருக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு நம்பர் ஸ்டேஷனரி கடை. கண்டக்டர்னு யாருமே இங்க கிடையாதுங்கிறான். இன்னொண்ணு நூலகம். சத்தம் போடாதீங்கன்னு சொல்லி வெச்சுட்டாங்க."

கீச்சு ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. அக்கா குரலைத் தூக்கி, இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே நாளில் என்று ஆரம்பித்தாள். அப்பா பாட்டு பதிவான கதையைச் சொன்னார். வியர்த்திருந்தார், ஆனால் நன்றாகத்தான் பேசினார். பாட்டு ஓடியது. ஹெட்ஃபோனோடு கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இரண்டாவது சரணம் வந்தது, முந்தினார், கீச்சுவின் உதடும் தானாக முந்தியது.

பாட்டு முடிந்தது.

"சரி, இப்ப நம்ம ஏழு ரசிகர்கள்! தொலைபேசி திறந்தாச்சு, வாங்க வாங்க!" என்றாள் அக்கா.

விளக்கு மின்னவில்லை.

அக்கா ஏதோ கேட்டாள், அப்பா ஏதோ சொன்னார். விளக்கு மின்னவில்லை. அக்கா மறுபடி நம்பரைச் சொன்னாள். அப்பா கண்ணாடி வழியாக முதலில் ஃபோனைப் பார்த்தார், பிறகு தயாரிப்பாளரை, பிறகு கீச்சுவை. அவளைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குத் தொண்டை கட்டியதெல்லாம் மறந்துபோனது.

"ஐயோ, ஏதாவது விளம்பரம் போடுங்களேன், சீக்கிரம் போடுங்களேன்!" என்று தயாரிப்பாளரிடம் வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

தயாரிப்பாளர் அவசரமாக ஒரு விளம்பரத்தைத் தட்டிவிட்டார். ஆனால் ஸ்டூடியோவுக்குள் பேசும் பொத்தானில் அவர் விரல் ஏற்கெனவே இருந்தது. கீச்சுவின் குரல் அக்காவின் ஹெட்ஃபோனுக்குப் போய்விட்டது. அப்பா அந்நேரம் தன்னுடையதைக் கழற்றிவைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடி வழியாகக் கீச்சுவைப் பார்த்தாள். முதலில் புருவம் ஏறியது. பிறகு வாய் லேசாகத் திறந்தது. டீச்சர், கல்லூரிப் பெண், கண்டக்டர் என்று ஒவ்வொருவராக அவள் காதுக்குள் வந்து உட்கார்வது வெளியிலிருந்தே தெரிந்தது.

கத்தப்போகிறாள் என்று நினைத்தாள் கீச்சு. அக்கா கத்தவில்லை. கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காதில் வைத்து, கதவுப் பக்கம் தலையசைத்தாள். போ, போய்ப் பேசித் தொலை. அவளுக்கு அவள் நிகழ்ச்சி நடந்தால் போதும்.

கீச்சு எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். கையில் அவளுடைய சொந்த ஃபோன். யாராகப் பேசுவது? டீச்சரா? மூக்கே அடைக்க மாட்டேன் என்றது. அம்மா சொன்னது காதில் நின்றது: உன் குரலைக் கேட்டு அவரு வேலையை விட்டாருன்னா. அப்பாவின் அந்தச் சிரிப்பு கண்ணில் நின்றது. நம்பரை அழுத்தினாள்.

எங்கேஜ்டு.

தப்பாக அழுத்திவிட்டோமோ என்று மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே டொய்ங், டொய்ங். ஓடிவந்து கதவைத் திறந்தாள். மேஜையில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அந்த அறை முழுக்க ஒரு பெண்ணின் குரல். அம்மாவுடையது இல்லை. கீச்சுவுடையதும் இல்லை.

"...பாராட்டறதுக்கெல்லாம் நான் கூப்பிடலை. அந்த ஆள் நீங்கதானான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"எந்த ஆளும்மா?" என்றார் அப்பா.

"லிஃப்டுக்குள்ள பாடற ஆளு! நான் ஆறாவது மாடி. எங்க சமையலறைச் சுவருக்குப் பின்னாலதான் லிஃப்டு ஏறி இறங்கற குழி. மாசத்துல ஒருநாள் சுவத்துக்குள்ளேர்ந்து பாட்டு வரும். இப்ப ரேடியோவைப் போட்டா அதே பாட்டு. அதே குரல். ரெண்டாவது சரணத்துல அதே மாதிரி பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி முந்திக்கிட்டு! எங்க வீட்டுக்காரரும் இப்ப அப்படித்தான் முந்திக்கிட்டுப் பாடறாரு. எல்லாம் உங்களாலதான்."

அப்பா மைக்குக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"நான் புகார் சொல்லணும். நீங்க பாடி முடிக்கிற வரைக்கும் லிஃப்ட் ஓடாது. கீழ நாங்க கையில பையோட நிக்கிறோம், மேல உங்களுக்குச் சரணம் கேக்குதா?"

"இல்லம்மா... அது வந்து..." அப்பா மைக்கை மறந்து கையை ஆட்டினார். "தண்டவாளத்துக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் எண்ணெய் விட்டுக்கிட்டு வரணும். வேகமாப் பண்ணினா சொட்டும், மெதுவாப் பண்ணினா பிசுக்கு. அந்தப் பாட்டுக்குச் சரியா இருக்கும். முதல் சரணத்துல ஒரு பக்கம், ரெண்டாவதுல இன்னொரு பக்கம். பாட்டு முடிஞ்சா வேலை முடிஞ்சுது. பாடலைன்னா எனக்கு அளவு தெரியாது."

அக்கா சத்தம்போட்டுச் சிரித்துவிட்டாள். மறுமுனையிலும் சிரிப்பு கேட்டது.

"போன மாசம் வேற ஒருத்தர் வந்தாரு" என்றாள் ஆறாவது மாடி அம்மா, கொஞ்சம் தணிந்து. "பாட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. லிஃப்ட் சீக்கிரமே சரியாயிடுச்சு. ஆனா என்னமோ போல இருந்துது, போங்க. இந்த மாசம் நீங்க வருவீங்களா?"

அப்பா காதிலிருந்த ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டார். அக்காவே இடையில் புகுந்து நன்றி சொல்லி வைத்தாள். விளக்கு உடனே மறுபடி மின்னியது. இந்த முறை ஒரு பெரியவர். அவர் இருக்கும் கட்டடமே வேறு.

"அது கேசட்டுல வந்த பாட்டா? நிஜமாவா? நான் இத்தனை நாளா லிஃப்டு கம்பெனிக்காரங்க வேலை செய்யும்போது பாடற பாட்டுன்னுல்ல நினைச்சேன்!"

அரைமணி நேரம் முடிந்தபோது ஏழு பேரில் ஒருவர்கூடப் பேசியிருக்கவில்லை. கேசட் வாங்கினேன் என்று சொன்னவரும் ஒருவர் இல்லை. பேசியவர்கள் எல்லாம் ஏதோ ஒரு மாடியில் குடியிருப்பவர்கள். ஒருத்தர் பாட்டைக் கேட்காமல், தன் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஏன் குலுங்குகிறது என்று கேட்டார். அப்பா நேரலையிலேயே பதில் சொன்னார்.

கிளம்பும்போது அக்கா கீச்சுவின் காதருகே வந்து, "கண்டக்டர் அருமை. டீச்சர் கொஞ்சம் ஓவர்" என்று சொல்லி, கன்னத்தை வலிக்கிற மாதிரியே கிள்ளிவிட்டுப் போனாள்.

லிஃப்டில் அப்பாவும் அவளும் மட்டும். கதவு கடகடவென்று மூடியது. அப்பா உருளையின் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். சந்தோஷமாக இருக்கிறாரா, இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அந்த ஏழு பேரும் வரவே இல்லையே" என்றார்.

இப்போது விட்டால் எப்போதும் முடியாது.

"வந்துட்டாங்கப்பா. இங்கதான் நிக்கிறாங்க."

அப்பா திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, மூக்கடைத்த டீச்சர் குரலில், "வணக்கம் சார், நான் உங்க பரம ரசிகை" என்றாள். பாதியில் குரல் உடைந்து சொந்தக் குரலாகிவிட்டது. "எல்லாமே நான்தான்ப்பா."

லிஃப்ட் ஒரு மாடி இறங்கியது. இன்னொரு மாடி இறங்கியது. அப்பாவின் முகம் நேற்றுக் காலை ஷூ கயிற்றோடு நிமிர்ந்தபோது இருந்தது போல, ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அடித்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கண்டக்டருமா?" என்றார் கடைசியில்.

"ம்."

"அவரு பேசினதைத்தான் நான் வேலை செய்யற இடத்துல எல்லார்கிட்டேயும் சொன்னேன்." சிரிக்காமல்தான் சொன்னார். சுவரில் சாய்ந்துகொண்டார். புதுச்சட்டை கசங்குவதைக் கவனிக்கவில்லை. பிறகு, ரொம்ப மெதுவாக, அந்த ஏழாவது ஆள் பேசுவது போலவே மெதுவாகக் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா... வருஷா வருஷம் ஒருத்தர் கேப்பாங்களே. அதுவும் நீதானா?"

அம்மாவின் தேன் தடவின குரலும் திறந்துவிட்ட குழாயும் கீச்சுவுக்கு நினைவுக்கு வந்தன. பொய் போதும் போதும் என்றுதான் லிஃப்டில் ஏறியிருந்தாள்.

"இல்லப்பா" என்றாள், அவர் கண்ணைப் பார்த்து. "இந்த வருஷம் மட்டும்தான் நான். அது யாரோ. நிஜமான ஆளு."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சூப்பர்வைசர்.

அப்பா எடுக்கவில்லை. லிஃப்டை விட்டு வெளியே வரவும் இல்லை. ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. கதவு மூட வந்தது. கீச்சு காலை நீட்டித் தடுத்தாள். ஃபோன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"சொல்லுங்க சார்... ஆமா சார், ரேடியோவுல நான்தான்... கேட்டீங்களா..." மறுமுனையில் சத்தம் பலமாக இருந்தது. அப்பா ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "தெரியும் சார், ஆறாவது மாடி... இல்ல சார், சர்வீஸ் நேரத்துல இனிமே லேட் ஆகாது... பாடறதா?"

கதவு கீச்சுவின் காலில் இடித்து இடித்துத் திரும்பியது.

அப்பா குனிந்து, இன்னொரு கையால் கதவு உருளையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது. புதுச்சட்டை என்பதை மறந்து அதிலேயே துடைத்தார்.

"அதை மட்டும் என்னால விட முடியாது சார்" என்றார். "திங்கக்கிழமை வரேன். அந்த ஆறாவது மாடியை எனக்கே போடுங்க."